கழுத்து, முதுகுத் தேய்மான வலிக்கு இயற்கை வைத்தியம்: எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

ராயபுரம் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு வயது 62. காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றே மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியவர். இப்போது கழுத்திலும் கீழ்முதுகிலும் ஓயாத வலி. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இரண்டு இடத்திலும் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் வலி அடங்குகிறது. ஆனால் வயிறு எரிகிறது. அவருக்குச் சர்க்கரையும் இருப்பதால், அந்த மாத்திரைகளை நீண்ட காலம் சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று மருத்துவரே எச்சரித்திருக்கிறார்.

எங்கள் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். முடக்கத்தான் கீரை என்கிறார் ஒருவர்; சூடம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் என்கிறார் இன்னொருவர். கழுத்தைச் சொடக்கு எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். இவற்றில் எதை நம்பிச் செய்வது, எது கெடுதல் என்று அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் பிசியோ

வணக்கம் சகோதரி. இயன்முறை மருத்துவராக நான் நாள்தோறும் பார்ப்பது உங்கள் மாமியாரைப் போன்றவர்களைத்தான்: தலைச்சுமை தூக்கியவர்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள், குனிந்தே தையல் தைத்தவர்கள்.

முதலில் தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். கழுத்தில் 7 முள்ளெலும்புகளும் கீழ்முதுகில் 5 முள்ளெலும்புகளும் உள்ளன. இவற்றுக்கு இடையில் இருக்கும் ஜவ்வு வயது ஏற ஏற நீர்ச்சத்தை இழந்து தட்டையாகிறது; அதனால் பின்புறமுள்ள சிறு மூட்டுகளின் மேல் பாரம் கூடுகிறது; அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காக எலும்பின் ஓரங்கள் முள்போல வளர்கின்றன. 60 வயதைக் கடந்தவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால், வலியே இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இந்த மாற்றம் தெரியும். ஆகவே படத்தில் தெரியும் தேய்மானமும் உடலில் உணரும் வலியும் ஒரே அளவில் இருப்பதில்லை. வலியின் பெரும்பகுதி, அந்த மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்வதாலும், வலிக்கு அஞ்சி அசையாமல் இருப்பதால் அவை பலவீனமாவதாலும் வருவது. தேய்ந்த எலும்பை எந்த எண்ணெயும் எந்தக் கீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தலாம், வலுவையும் கூட்டலாம். அங்கேதான் நமக்கு வழி இருக்கிறது.

வெப்பம் நல்லது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, கழுத்தின் பின்புறத்திலும் இடுப்பிலும் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். சூடு அவருக்குத் தெரியாமலே தோல் வெந்துவிடும். எனவே முடிச்சை உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே அவர் மேல் வையுங்கள். ஒத்தடம் கொடுத்து முடித்த உடனே, தசை இளகியிருக்கும்போதே, பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுக்க வைத்தால் பாதிப் பலன் வீணாகிறது.

கழுத்துக்கு: நேராக உட்கார்ந்து, தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும் தாடையை மட்டும் பின்னோக்கி இழுத்து ஐந்து நொடி நிறுத்த வேண்டும், இதைப் பத்து முறை செய்யலாம். பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி ஒன்றையொன்று மெல்ல அழுத்த வேண்டும்; பின்தலையிலும் இரு பக்கங்களிலும் அதே போல. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றுசேர்த்து விடுவதும் மிகவும் பயன்படும். முதுகுக்கு: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்புக்கும் பாய்க்கும் இடையிலுள்ள வளைவைத் தரையோடு அழுத்தி விடுவது, ஒவ்வொரு முழங்காலாக மார்புக்கு இழுப்பது. செய்யும்போது இலேசான இழுவை இருக்கலாம். கைக்கோ காலுக்கோ மின்னல் போல வலி ஓடினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

நடை கட்டாயம். உங்களுக்கு அருகிலேயே ராபின்சன் பூங்கா இருக்கிறது. காலை வெயில் ஏறும் முன் அங்கே அழைத்துச் செல்லுங்கள். கழுத்துப் பட்டையையும் இடுப்பு பெல்ட்டையும் வலி மிகுந்த சில நாட்களுக்கு மட்டும் போடலாம். பழக்கமாகிவிட்டால் தசைகள் வேலை செய்வதை மறந்துவிடும்.

சித்த மருத்துவப் பட்டதாரி, தண்டையார்பேட்டை

பெரம்பூர் ஐயா சொன்ன பயிற்சிகளை நானும் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் எண்ணெயை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டது போலத் தோன்றுகிறது. எண்ணெய் எலும்பை வளர்க்காது என்பது சரி. ஆனால் வாதகேசரித் தைலம், உளுந்துத் தைலம் ஆகியவற்றை வெதுவெதுப்பாகத் தடவி, பயிற்சி பெற்றவர் கையால் தொக்கணம் (சித்த முறையில் உடலைப் பிடித்துவிடுதல்) செய்து, அதன்மேல் இலை ஒற்றடம் கொடுக்கும்போது, விறைத்துப் போன கழுத்து இளகுவதை நாங்கள் மருத்துவமனையில் தினமும் பார்க்கிறோம். கையை உயர்த்தித் தலை வார முடியாதிருந்தவர், மறுநாள் பயிற்சிக்கு மனம் வைப்பதற்கு அந்த நிம்மதி தேவைப்படுகிறது.

ஒற்றடத்துக்கு நொச்சி இலை, ஆமணக்கு இலை, புளிய இலை ஆகியவற்றில் கிடைப்பதை நறுக்கி, சிறிது விளக்கெண்ணெய் விட்டு வதக்கித் துணியில் முடிந்து பயன்படுத்துங்கள். வடசென்னையில் இரயில் பாதை ஓரங்களிலும் காலி மனைகளிலும் ஆமணக்கு தானாகவே வளர்கிறது. எனினும் கழிவுநீர் ஓடும் இடத்திலும் தொழிற்சாலை மதிலோரத்திலும் பறிக்க வேண்டாம்.

தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை உண்டு. தேய்ந்த கழுத்தில் முறுக்கலுக்கு இடமே இல்லை. மென்மையாகப் பிடித்தலும் அழுத்தலும் போதும். எதிர்வீட்டுக்காரர் சொல்லும் சொடக்கை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

சூட எண்ணெயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சூடம் எளிதில் தீப்பற்றும். எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கீழே இறக்கிய பிறகே சூடத்தைப் போட வேண்டும். அந்தக் குப்பியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரும்.

தைலம் வாங்கும்போது மருந்தின் பெயர், தயாரிப்பு உரிம எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிட்ட குப்பியாகப் பாருங்கள். அரசு நிறுவனமான டாம்ப்கால், கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் ஆகியவற்றின் தயாரிப்புகளில் இவை இருக்கும். ராசப்ப செட்டித் தெருவில் மூலிகைச் சரக்கு நன்றாகக் கிடைக்கும். ஆனால் கடைக்காரர் மடித்துத் தரும் கலவைப் பொடியை உள்ளே சாப்பிடுவதற்கு வாங்க வேண்டாம்.

மணலி டிரெய்லர் ஓட்டுநர்

டாக்டர்கள் இருவருக்கும் நன்றி. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசலை நோக்கி வரிசையில் நின்றால், இரவு முழுவதும் இருக்கையை விட்டு இறங்க முடியாத நாட்கள் உண்டு. முடி வெட்டிக்கொள்ளப் போனால் கடைசியில் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரு திருப்புத் திருப்பிச் சொடக்கு எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. அதில் என்ன ஆபத்து என்று சொன்னால், எங்கள் ஆட்களுக்கும் எடுத்துச் சொல்வேன். இன்னொரு கேள்வி: யோகா வகுப்பில், குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனம் முதுகுக்கு நல்லது என்று சொல்லிச் செய்ய வைத்தார்கள், செய்தால் எனக்கு வலி அதிகமாகிறது. ஏன்?

பெரம்பூர் பிசியோ

அண்ணா, மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளின் வழியாகத்தான் ஏறுகின்றன. தலையைச் சட்டென்று திருப்பும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இளம் வயதினருக்கும் இது நேர்ந்திருக்கிறது. சொடக்கு எடுத்த பின் தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம் ஏதேனும் வந்தால், அன்றே, அந்த மணி நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையைத் திருப்ப வேண்டாம், முடி மட்டும் வெட்டினால் போதும் என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

புஜங்காசனத்தைப் பற்றிய கேள்வி மிக முக்கியமானது. முதுகு வலி எல்லாம் ஒன்றல்ல. ஜவ்வு பின்னோக்கிப் பிதுங்கியவர்களில் பலருக்குப் பின்னால் வளைவது இதமாக இருக்கும். பின்புறச் சிறு மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கும், முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் பாதை குறுகியவர்களுக்கும் அதே வளைவு வலியைக் கூட்டும். அவர்களுக்கு முன்னால் குனிவதும் உட்காருவதும் இதமாக இருக்கும். சிறிது தூரம் நடந்ததும் கால் மரத்து, எதையாவது பிடித்துக் குனிந்து நின்றால் சரியாகிறது என்று சொல்பவர்கள் இந்த இரண்டாம் வகை. உங்களுக்கு எது என்பதை நேரில் சோதித்துத்தான் சொல்ல முடியும்; அதுவரை புஜங்காசனத்தை விட்டுவிட்டு, கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மெல்ல மேலும் கீழும் அசைக்கும் மார்ஜரி ஆசனத்தைச் செய்யுங்கள். கழுத்துத் தேய்மானம் உள்ள எவரும் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றைச் செய்யக் கூடாது.

வண்டியில் இருக்கையை முன்னால் தள்ளி, முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். இடுப்பின் வளைவுக்குச் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். வரிசை நகராத நேரத்தில் இறங்கி நில்லுங்கள்.

கொருக்குப்பேட்டை ஆசிரியை

இந்த இழையைப் படிக்கும் இளைஞர்களுக்காக எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயதில் முதுகு வலி தொடங்கியது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முதுகு விறைத்திருக்கும், நடமாடினால் குறையும், ஓய்வெடுத்தால் கூடும். பின்னிரவில் வலியால் விழித்துக்கொள்வான். வேலைப்பளு, வாயு, படுக்கை சரியில்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எண்ணெய் தேய்த்தே ஓராண்டுக்கு மேல் போய்விட்டது. பிறகு மூட்டுவாதச் சிறப்பு மருத்துவர் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் எடுத்து, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றார். இது தேய்மானம் அன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி. கவனிக்காமல் விட்டால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு வளையாமலே போய்விடும். இதற்குத் தனி மருந்துகள் உண்டு. பயிற்சி இங்கும் மிக அவசியம். ஆனால் மருந்துக்கு மாற்றாக அன்று, மருந்தோடு சேர்த்து.

45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலை விறைப்போடு வரும் முதுகு வலியை வீட்டு வைத்தியத்தால் மூடி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சித்த மருத்துவப் பட்டதாரி, தண்டையார்பேட்டை

ஆசிரியை அம்மா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். மாலையில் காய்ச்சல், எடை குறைதல், இரவில் கூடும் முதுகு வலி, ஒரே முள்ளெலும்பைத் தட்டினால் சுரீரென்று வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், முழுமையாகக் குணமாகும். காசநோய் தாக்கிய முதுகில் தொக்கணம் செய்தால் நொறுங்கிய எலும்பு தண்டுவடத்தை அழுத்திவிடும். அதே போல, கைவிரல் மூட்டுகளில் வீக்கத்தோடு முடக்குவாதம் பல ஆண்டுகளாக உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கலாம். அவர்கள் கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறுதல், நடை தள்ளாடுதல், கை கால் வலுவிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்தல்: இவற்றில் எது தெரிந்தாலும் வைத்தியம் தேடிக்கொண்டிருக்காமல் ஸ்டான்லிக்கோ ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ உடனே போங்கள்.

வியாசர்பாடி சமையலறை

நான் மருத்துவம் படித்தவள் இல்லை, சமையல் தெரிந்தவள். முடக்கத்தான் கீரையைப் பச்சையாக அரைத்து, அரிசி மாவில் கலந்து தோசை வார்த்தால் கசப்பு தெரியாது. அளவு கூடினால் வயிறு இளகும். முதல் முறை ஒரு கைப்பிடி போதும். பிரண்டையை நார் உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால்தான் தொண்டை அரிக்காது. இளம் பிரண்டையாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சளோடு மிளகு சேர்ப்பது நம் சமையலில் பழைய பழக்கம். மஞ்சளின் சத்து உடலில் சேர மிளகு உதவுகிறது என்று இப்போது ஆய்வுகளும் சொல்கின்றன. மஞ்சள் பொடியிலும் கிழங்கின் மேலும் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பது உண்டு என்பதால், பளிச்சென்று மின்னாத கிழங்காகப் பார்த்து வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது.

காசிமேட்டின் பக்கத்தில் இருந்துகொண்டு மத்தியையும் காணாங்கத்தையையும் விட்டுவிடக் கூடாது. வஞ்சிரத்தின் விலையில் ஒரு பங்குதான். இந்த மீன்களின் கொழுப்புச் சத்தோ அழற்சியைக் குறைக்க நல்லது என்கிறார்கள். குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம்.

சித்த மருத்துவப் பட்டதாரி, தண்டையார்பேட்டை

அக்கா சொன்ன உணவெல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். உணவில் சேரும் மஞ்சள் வேறு, மாத்திரையாக விற்கும் மஞ்சள் சாறு வேறு. முழங்கால் தேய்மான வலியில் மஞ்சள் சாறும் பறங்கிச் சாம்பிராணிச் சாறும் ஓரளவு வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் உள்ளன. கழுத்துக்கும் முதுகுக்கும் அவ்வளவு உறுதியான சான்று இல்லை. அதிக அளவு மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. அமுக்கராவுக்கும் (அசுவகந்தா) இதே எச்சரிக்கை பொருந்தும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக அதைத் தொடங்கக் கூடாது.

ராயபுரம் மருமகள்

அனைவரும் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மாமியாரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டியபோது ஒரு செய்தி வெளியே வந்தது. கடந்த சில மாதங்களாகப் பெயர் எதுவும் அச்சிடாத பொட்டலத்தில் வரும் ஒரு பொடியைச் சாப்பிட்டு வருகிறாராம். கூட மீன் விற்ற பெண் ஒருவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிட்டது, நன்றாகப் பசிக்கிறது என்கிறார். அவர் முகம் உப்பியிருப்பதை நாங்கள் உடம்பு தேறியதாக எண்ணியிருந்தோம். சர்க்கரையும் கட்டுக்குள் வரவில்லை. இதய மருத்துவர் கொடுத்த, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார். பொடியை இன்றே நிறுத்திவிடலாமா?

சித்த மருத்துவப் பட்டதாரி, தண்டையார்பேட்டை

அக்கா, தயவுசெய்து பொடியைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். நாளைக் காலையே பொட்டலத்தோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரே இரவில் வலி மறைவது, பசி கூடுவது, முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் சேர்ந்து வருவதால், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று வலுவாக ஐயப்பட வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடல் தானாகச் சுரக்கும் சுரப்பு அடங்கிவிடுகிறது. சட்டென்று நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் என உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதற்கு மேல், ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்யும். தேய்மானத்துக்கு மருந்து என்று நம்பி வாங்கியது முதுகெலும்பையே முறித்துவிடக்கூடும்.

இது சித்த மருந்து அன்று. சித்த மருத்துவத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்று. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. முறையான சிகிச்சை வேண்டுமானால் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவ மருத்துவமனை இருக்கிறது. கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறினால், தாம்பரம் சானடோரியத்தில் இறங்கித் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் போகலாம். எங்கே போனாலும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

இரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர் என்பதால் மஞ்சள், இஞ்சி, பூண்டு மாத்திரைகள் வேண்டாம். உணவில் வழக்கமான அளவு சேரலாம். கடையில் விற்கும் வலித் தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருந்தால் அதையும் மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம்; அது தோல் வழியாக உள்ளே போய் இரத்தக் கசிவைக் கூட்டும். தொக்கணமும் இப்போதைக்கு வேண்டாம். ஒற்றடம் மட்டும் போதும்.

ராயபுரம் மருமகள்

மருத்துவரைப் பார்த்துவிட்டோம். நீங்கள் ஐயப்பட்டது போலவே அவரும் சொன்னார். அளவு குறைத்து எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையும், சர்க்கரைக்கு மாற்று மருந்தும், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கச் சீட்டும் கொடுத்திருக்கிறார். பொட்டலத்தை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். பொடி வாங்கிக் கொடுத்த அம்மாவிடம் நேரில் போய்ப் பேசினேன். அவரும் அதைச் சாப்பிடுகிறவர், எனவே அவரையும் அழைத்துச் செல்லப் போகிறேன்.

ஒத்தடமும் பயிற்சியும் தொடங்கியிருக்கிறோம். மாமியாரை இனி குடம் தூக்க விடக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்தோம். அவரோ தூக்காமல் இருந்தால் கை கால் முடங்கிவிடும் என்கிறார். எது சரி?

பெரம்பூர் பிசியோ

இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது சகோதரி. லாரித் தண்ணீர்க் குடத்தை ஒரு பக்க இடுப்பில் ஏற்றி மாடிப்படி ஏறுவது அவருக்கு வேண்டாம். எலும்பு அடர்த்தியின் முடிவு வரும்வரை தலைச்சுமையும் குனிந்து தூக்குவதும் அறவே கூடாது. ஆனால் எல்லா வேலையையும் பறித்து உட்கார வைத்தால் தசை கரையும்; ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்குத் தொடைத் தசை இன்னும் விரைவில் கரையும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைக் காலையிலும் மாலையிலும் செய்யச் சொல்லுங்கள். முடிவு நன்றாக இருந்தால், இரண்டு சிறு வாளிகளில் பாதிப் பாதித் தண்ணீராக, இரு கையிலும் சமமாக, முழங்காலை மடக்கி எடுத்துச் செல்லப் பழக்கலாம். நேரில் வர முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவரை உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அடர்த்திச் சோதனையின் சீட்டு வந்ததும் அதில் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி அளவை (T-score) இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு அடுத்த பயிற்சிகளைச் சொல்கிறேன்.